இமையில் எடுத்த துணுக்கு

கண்ணில் கட்டி வந்தால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது நாமக்கட்டி. அதை உரைத்துப் பற்றுப் போடுவார்கள். விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி இமைமேல் ஒற்றி எடுப்பார்கள். சில நாட்களில் கட்டி உடையும், இல்லையென்றால் அமுங்கிப் போகும். கை வைத்தியம் பலித்துவிட்டதென்று பாட்டி சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. வெதுவெதுப்பான ஒத்தடத்தைத்தான் கண் மருத்துவரும் பரிந்துரைக்கிறார். அடைபட்ட சுரப்பிக்குள் உறைந்து நிற்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் இளகும். மீதிப் பாதியை உடம்பே பார்த்துக்கொள்கிறது. கண்கட்டிகளில் பெரும்பாலானவை தாமாகவே ஆறக்கூடியவை.

ஆறாத கட்டி ஒன்று உண்டு. ஐம்பது அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு மேலிமையில் வலியே இல்லாத தடிப்பு ஒன்று தோன்றும். கீறிச் சுரண்டி எடுத்து விடுவார்கள். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி வரும். மறுபடி சுரண்டுவார்கள். மூன்றாவது முறை வரும்போதுதான் யாருக்காவது ஐயம் தட்டும். சுரண்டியதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் ‘புற்று’ என்று பதில் வரும். கண் மருத்துவப் பாடநூல்களில் இந்தக் கதை ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருக்கிறது. மாணவர்கள் நெட்டுருப் போட்டுத் தேர்வும் எழுதுகிறார்கள். அப்படியிருந்தும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

காரணம் எளிது. இமையில் வரும் கட்டி இன்னதுதான் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது நெடுநாள் அனுபவம் உள்ளவருக்கும் கடினம். சதையில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். அந்தத் துணுக்கும் தானாக உண்மை பேசிவிடாது. எங்கே எடுத்தார்கள், எவ்வளவு ஆழத்துக்கு எடுத்தார்கள், எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தே பேசும். பயாப்சி என்றால் வெறும் பரிசோதனை என்று நினைக்கிறோம். இமையைப் பொறுத்தவரை அது ஒரு தனிக் கலை.

முதலில் இமையின் அமைப்பு. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இங்கேதான் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதற்கடியில் கண்ணை மூடும் தசை. அதற்குப் பின்னால் இமைக்கு விறைப்புத் தரும் இமைத்தட்டு. கடைசியில் விழியோடு உரசும் ஈரச் சவ்வு. இத்தனையும் சில மில்லிமீட்டர் கனத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இமைத்தட்டுக்குள்ளே செங்குத்தாக எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மேலிமையில் சுமார் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666இல் இவற்றை விவரித்து எழுதியதால் அவர் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. நாம் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இவை கண்ணீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பூசுகின்றன. அந்தப் படலம் இல்லாவிட்டால் கண்ணீர் மளமளவென்று உலர்ந்துவிடும்.

மைபோம் சுரப்பி ஒன்று அடைத்துக்கொண்டால் வருவது வலியில்லாத சாதாரணக் கண்கட்டி. அதே சுரப்பியின் செல்கள் கட்டுமீறிப் பெருகினால் வருவது எண்ணெய்ச் சுரப்பிப் புற்று. இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன, ஒரே மாதிரி தடிக்கின்றன, தொடக்கத்தில் இரண்டிலும் வலி இல்லை. மேலிமையில் சுரப்பிகள் அதிகம் என்பதால் இந்தப் புற்றும் மேலிமையிலேயே அதிகம் வருகிறது.

இமையில் வரும் மற்றப் புற்றுகளில் முக்கியமானது தோலின் அடி அடுக்குச் செல்களை ஒத்த அடிச்செல் புற்று. 1827இல் டப்ளின் நகரக் கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், இமையையும் முகத்தையும் தாக்கும் விசித்திரமான ஒரு புண்ணைப் பற்றி எழுதினார். ஆண்டுக்கணக்கில் மெதுவாக அரித்துக்கொண்டே போகும். ஆனால் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதில்லை. வெட்டி எடுத்தால் ஒழிய ஆறுவதும் இல்லை என்று கவனித்துச் சொன்னார். நுண்ணோக்கி இல்லாமல், நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே அவர் கண்டடைந்த இந்த மூன்றும் இன்றுவரை பெருமளவு சரியாகவே இருக்கின்றன. ஆங்கிலேய மருத்துவர்கள் இதற்கு எலி அரித்த புண் என்று பெயர் வைத்தார்கள். 1903இல் ஹங்கேரிய நோய்க்குறியியல் அறிஞர் க்ரோம்பெக்கர், இது தோலின் அடிச்செல்களோடு தொடர்புடைய தனி வகைப் புற்று என்று நூலெழுதி நிறுவினார். உலகில் மிக அதிகமாக வரும் தோல் புற்றைப் பற்றிய முதல் தெளிவான விவரிப்பு ஒரு கண் மருத்துவரிடமிருந்து, அதுவும் இமையை வைத்து வந்தது என்பதைத் தோல் மருத்துவர்கள் அவ்வளவாகப் பறைசாற்றுவதில்லை.

வெள்ளைத் தோல் கொண்டவர்களிடம் இமைப் புற்றுகளில் பத்துக்கு ஒன்பது அடிச்செல் வகைதான். வெயில் நேராக விழும் கீழிமையிலும், மூக்கை ஒட்டிய கண் மூலையிலும் அது அதிகம். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று அங்கே நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. அதனால் மேற்கத்தியப் பாடநூல்களில் இது ‘அரிதான’ வகை. இந்தியாவிலும் சீனாவிலும் அந்தச் சொல் பொருந்தாது. இந்திய மருத்துவமனைகளிலிருந்து வெளியான பல கணக்குகளில் இமைப் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்ச் சுரப்பி வகை. சிலவற்றில் பாதிக்கும் மேல். நம் தோலின் கருமை வெயிலைத் தடுத்து அடிச்செல் புற்றைக் குறைத்துவிடுகிறது. அந்தப் புற்று குறையும்போது மற்றதன் பங்கு தானே கூடும். ஆனாலும் இலண்டனில் அச்சான புத்தகத்தைப் படித்துவிட்டு மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கும் இளம் மருத்துவர், அந்த ‘அரிதான’ என்ற ஒற்றைச் சொல்லை மனத்திலிருந்து அழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுக்கு மாறுவேடங்கள் பல. கண்கட்டி ஒன்று. இன்னொன்று ஆறாத கண்வலி. ஒரே கண் மாதக்கணக்கில் சிவந்திருக்கும், இமையோரம் தடித்திருக்கும், எந்தச் சொட்டு மருந்துக்கும் கேட்காது. உண்மையான இமை அழற்சி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும் என்பது நினைவிருந்தால் இங்கே பொறி தட்டும். கண் மருத்துவ உலகம் 1960களின் பிற்பாதியிலிருந்தே இதை ‘மாறுவேட நோய்’ என்று சொல்லி வருகிறது. அடிச்செல் புற்றும் நம் ஊரில் வேறு உருவத்தில் வரும். மேற்கத்தியப் படங்களில் அது முத்துப்போல் மினுங்கும் வெளிர் முடிச்சு. நம் தோலில் பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதால் மச்சம் என்று கடந்துபோய்விடுகிறார்கள். செதிள் செல் புற்று பொருக்கும் செதிலுமாக ஆறாத புண்போல் கிடக்கும். மெர்க்கெல் செல் புற்று என்று ஊதா நிறத்தில் வேகமாக வளரும் முடிச்சு ஒன்று உண்டு. அரிது, ஆனால் ஆபத்தானது. அதற்குக் காரணமான வைரஸ் ஒன்றை 2008இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

மருத்துவர் கண்ணால் தேடக்கூடிய தடயங்களில் ஒன்று இமைமுடி. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் முடி உதிர்ந்து மொட்டையாக இருந்தால் ஐயப்பட வேண்டும். சாதாரணக் கட்டி முடியை ஒதுக்கித் தள்ளும். புற்று முடியின் வேரையே அழிக்கும். ஆனால் தடயம் எதுவும் தீர்ப்பாகாது. தீர்ப்புக்குத் துணுக்கு வேண்டும்.

‘கண்ணிமையில் கத்தியா?’ என்று கேட்காதவர் யாருமில்லை. உண்மையில் வலிப்பதெல்லாம் மரத்துப்போக வைக்கும் ஊசி மட்டும்தான். முதலில் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு விழியை மரத்துப்போகச் செய்வார்கள். பிறகு லிக்னோகைன் ஊசி; ரத்தக் குழாய்கள் சுருங்குவதற்காக அதில் சிறிது அட்ரினலின் கலந்திருக்கும். ஊசி போட்டுவிட்டுச் சில நிமிடம் காத்திருக்கும் மருத்துவர் விவரமானவர். அவசரப்பட்டால் ரத்தம் மறைத்துக்கொண்டு இடமே தெரியாது. கருவிழிமேல் ஒரு கவசத்தை வைத்துவிட்டு, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியாலோ கூர்மையான சிறு கத்தியாலோ ஒரு துணுக்கு எடுப்பார்கள். மொத்தமே சில நிமிட வேலை. இமைக்கு ரத்த ஓட்டம் தாராளம் என்பதால் புண் விரைவில் ஆறிவிடும்.

அவ்வளவு நன்றாக ஆறுவதே ஒரு தொல்லை! முடிவு வந்து, பெரிய அறுவைக்கு நாள் குறித்து, நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது துணுக்கு எடுத்த இடம் எதுவென்றே தெரியாமல் போகலாம். அதனால் எடுப்பதற்கு முன்பே புகைப்படம் பிடித்து, இமையோரத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நல்ல வழக்கம் எல்லா இடத்திலும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு எடுப்பது என்பது எதைச் சந்தேகிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடிச்செல் புற்று தோலின் மேற்புறத்திலேயே தொடங்குவதால் வட்டத் துணுக்கு போதும். எண்ணெய்ச் சுரப்பிப் புற்று இமைத்தட்டின் ஆழத்தில் பிறப்பது. மேலாகச் சீவி எடுத்தால் தோல் மட்டும் வரும், ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கையும் வரும். அங்கே தோலிலிருந்து உட்சவ்வு வரை முழுக் கனத்தில் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். கட்டி சிறியது என்றால் ஐங்கோண வடிவில் முழுவதையும் எடுத்துவிட்டு இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்துவிடலாம். இமையின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு போனாலும் தைத்துச் சேர்க்கும் அளவுக்கு இமையில் தாராளம் உண்டு. முதியவர்களுக்கு இன்னும் சற்று அதிகம். மெலனோமா எனும் கரும்புற்று என்ற ஐயம் இருந்தால் சீவவே கூடாது. அந்தப் புற்று தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே அடுத்த சிகிச்சை முடிவாகும். அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ 1970இல் நிறுவிய அளவுகோல் அது. சீவிவிட்டால் அளக்க ஆழமே மிஞ்சாது.

துணுக்கைப் பிடிக்கும் கையிலும் பக்குவம் வேண்டும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் செல்களின் உட்கரு நசுங்கி மை தடவியதுபோல் ஆகிவிடும். அப்புறம் எந்த நிபுணராலும் படிக்க முடியாது. மின்சூட்டால் ரத்தத்தை நிறுத்தப்போய்த் துணுக்கின் ஓரத்தைக் கருக்கிவிட்டாலும் அதே கதி. கண் சவ்விலிருந்து எடுத்த மெல்லிய துணுக்கை நேராகக் குப்பிக்குள் போட்டால் சுருண்டுகொள்ளும். ஒரு காகிதத் துண்டில் விரித்து ஒட்டவைத்துப் போட வேண்டும்.

குப்பியில் இருக்கும் திரவம் ஃபார்மலின். ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபெர்டினான்ட் ப்ளூம் 1893இல் இதைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் நுனித் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். விரலை விறைக்க வைப்பது மற்றத் திசுவையும் விறைக்க வைக்குமே என்று தோன்றியது. அன்று தொடங்கியது இன்றும் மாறவில்லை. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, சதை அழுகாமல் வெட்டியபோது இருந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. பிறகு துணுக்கிலிருக்கும் நீரை ஆல்கஹாலால் உறிஞ்சி எடுத்து, ஆல்கஹாலைச் சைலீனால் அகற்றி, அந்த இடத்தில் உருகிய மெழுகை இறக்குகிறார்கள். மெழுகு இறுகியதும் மூன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் கனத்தில் சீவுகிறார்கள். தலைமுடியின் கனம் இதைப்போல் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். சீவல்களுக்கு நிறமே இல்லாததால் அடுத்து சாயம். முதல் சாயமான ஹீமட்டாக்சிலின் மெக்சிகோவின் கம்பேச்சே பகுதிக்குரிய ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் துணிக்குச் சாயமேற்ற ஐரோப்பியர்கள் அந்த மரத்துக்காகச் சண்டையே போட்டார்கள். துணி ஆலைகள் அதைக் கைவிட்டுவிட்டன. புற்று கண்டுபிடிக்கும் ஆய்வகங்கள் விடவில்லை. அது செல்லின் உட்கருவை நீல ஊதாவாக்கும். இரண்டாவது சாயமான ஈயோசின் 1870களில் ஜெர்மனியில் செயற்கையாக உருவானது. அது மற்றதையெல்லாம் ரோஜா நிறமாக்கும்.

இந்த இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ‘இது இன்ன புற்று’ என்று சொல்வதைத்தான் நான் வியப்பேன். அடிச்செல் புற்றில் கருநீலச் செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் விளிம்பிலும் செல்கள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். கூட்டத்துக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி தெரியும். செதிள் செல் புற்றில் தோலின் கெராட்டின் வட்டவட்டமாகச் சுருண்டு ரோஜா நிற முத்துகளாகத் தெரியும். கண்கட்டி என்றால் கொழுப்புக் குமிழ்களின் வெற்றிடத்தைச் சுற்றி அழற்சிச் செல்களும் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களும் இருக்கும். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் செல்களோ நுரைத்துப்போன மாதிரி உடம்பெல்லாம் குமிழாக இருக்கும். உட்கருக்கள் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கின்றி, பிளந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு சங்கடம். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் அடையாளமே செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு. துணுக்கைப் பதப்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் அந்தக் கொழுப்பைத்தான் முதலில் கரைத்துவிடுகின்றன. கடைசியில் கண்ணாடியில் தெரிவது கொழுப்பு இருந்த இடத்தின் ஓட்டை. முற்றிய புற்றில் ஓட்டைகளும் குறைந்து, செதிள் செல் புற்றோ அடிச்செல் புற்றோ என்று மயங்க வைக்கும். பழைய வழி, துணுக்கில் ஒரு பகுதியை ஃபார்மலினோடு நிறுத்தியோ பச்சையாகவோ உறைய வைத்துச் சீவி, கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயமிடுவது. உறையவைத்துச் சீவும் முறையை 1905இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் அன்றாட நடைமுறையாக்கினார். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே பதில் சொல்வதற்காக வந்தது அது. இன்று செல்லின் புரதங்களைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் சோதனைகள் வந்துவிட்டன. கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் அடிபோஃபிலின் என்ற புரதம் அதில் ஒன்று. கொழுப்பு கரைந்தாலும் போர்வையின் தடம் நிற்கும். ஆனால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமென்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! துணுக்கோடு போகும் படிவத்தில் அறுவை மருத்துவர் வெறுமனே ‘கண்கட்டி’ என்று எழுதி அனுப்பினால் நிபுணரின் மனமும் அந்தத் திசையிலேயே போகும். ‘இரண்டு முறை திரும்ப வந்த கட்டி, முடி உதிர்ந்திருக்கிறது, எண்ணெய்ச் சுரப்பிப் புற்றா என்று பார்க்கவும்’ என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால் அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். அந்த ஒரு வரி பல நேரம் விலையுயர்ந்த கருவியைவிடப் பெரிய உதவி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பயாப்சி முழுவதும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. பானை முழுக்க ஒரே தீயில், ஒரே நீரில் வெந்திருந்தால் பழமொழி சரி. புற்று அப்படி ஒரே சீராக வேகும் பானை இல்லை என்பதை மருத்துவ உலகம் ஒரு பேரரசரின் தொண்டையிலிருந்து கற்றது. பயாப்சி என்ற பெயரை பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே 1879இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 1887இல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்குக்குக் குரல் கம்மியது. தொண்டையில் வளர்ச்சி. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்று என்று கருதி அறுவைக்கு ஆயத்தமானார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட மோரெல் மெக்கன்சி, முதலில் துணுக்கெடுத்துப் பார்க்கலாம் என்றார். பார்த்தவர் அன்றைய உலகின் தலைசிறந்த நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ. துணுக்கில் புற்று இல்லை என்றார். ஆனால் அந்தக் கருத்து முழு நோய்க்கும் பொருந்துமா என்பதை எடுத்த துணுக்கை வைத்துச் சொல்ல முடியாது என்றும் எச்சரிக்கையாகக் குறித்தார். எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் அரியணை ஏறிய ஃபிரெடரிக் தொண்ணூற்றொன்பது நாள் மட்டுமே ஆண்டு ஜூனில் இறந்தார். தொண்டையில் இருந்தது புற்றேதான். அவருக்குப் பின் வந்தவர் இரண்டாம் வில்ஹெல்ம். ஃபிரெடரிக் பிழைத்திருந்தால் ஐரோப்பாவின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் ஏங்குவதுண்டு. அது மிகையாக இருக்கலாம். துணுக்கு பொய் சொல்லவில்லை, எடுத்த இடம் போதவில்லை என்பதில் மட்டும் மிகையில்லை.

இமையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் செல்கள் கட்டியாக ஓரிடத்தில் மட்டும் நிற்பதில்லை. உட்சவ்வின் மேலடுக்குக்குள் தனித்தனியாகப் புகுந்து பரவும். நடுவில் நல்ல திசுவை அப்படியே விட்டுவிட்டு அப்பால் போய் மறுபடி தலைகாட்டும். கண்ணுக்கு அந்த இடங்கள் லேசாகச் சிவந்தவையாக மட்டும் தெரியும். சில நேரம் அதுவும் தெரியாது. ஆகவே புற்று என்று உறுதியானதும் மேலிமையின் உட்புறம், கீழிமையின் உட்புறம், வெள்ளைவிழி, கண் மூலைகள் என்று பல இடங்களில் பொடிப்பொடியான துணுக்குகளை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனிக் குப்பியில், தனி எண்ணோடு. கண்ணின் படம் ஒன்றை வரைந்து எந்த எண் எந்த இடம் என்று குறித்துக்கொள்கிறார்கள். முடிவுகள் வந்ததும் அந்தப் படத்தில் புற்று எதுவரை போயிருக்கிறது என்ற எல்லை விரியும். இமையை மட்டும் எடுத்தால் போதுமா, சவ்வுக்கு உறைய வைக்கும் சிகிச்சையோ சொட்டு மருந்துக் கீமோதெரபியோ வேண்டுமா, கண்ணையே இழக்க நேருமா என்பதெல்லாம் அந்த எல்லையைப் பொறுத்தவை. காதுக்கு முன்னாலும் கழுத்திலும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் தடவிப் பார்ப்பார்கள். அடிச்செல் புற்றுக்கு ஜேக்கப் சொன்ன, முடிச்சுகளுக்குப் பரவாத நல்ல குணம் இதற்குக் கிடையாது.

அடிச்செல் புற்றுக்கு எல்லை காணும் முறையோ இமையிலேயே புது வடிவம் பெற்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் மோஸ் 1930களில் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். புற்றின்மேல் துத்தநாகக் குளோரைடு களிம்பைத் தடவி, சதையை உடம்பிலேயே பதப்படுத்தி, மறுநாள் மெல்லிய அடுக்காகச் சீவி, அடுக்கின் அடிப்புறம் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்ப்பார். எங்கே புற்று மிச்சமோ அங்கே மட்டும் மறுபடி களிம்பு. வலி மிகுந்த, நாள்கணக்கில் இழுக்கும் வேலை. 1953இல் கீழிமைப் புற்று ஒன்றை அகற்றுவதைப் பயிற்சிப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். முதல் அடுக்கில் புற்று மிச்சமிருந்தது. மறுபடி களிம்பு போட்டுக் காத்திருந்தால் படப்பிடிப்பு தள்ளிப்போகும். அதனால் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, களிம்பு இல்லாமலேயே அடுத்த அடுக்கை வெட்டி, உறைய வைத்துப் பார்த்தார். வேலை அன்றே முடிந்தது. இமையைப் பொறுத்தவரை அப்புறம் அவர் பெரும்பாலும் இந்தப் புது வழியிலேயே போனார். 1974இல் ட்ரோமோவிச்சும் ஸ்டெக்மேனும் களிம்பில்லா முறையின் முடிவுகளை வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. வழக்கமான முறையில் வெட்டிய சதையில் இடைவெளி விட்டுச் சில சீவல்களை மட்டும் பார்ப்பதால் விளிம்பில் நூற்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படுவதில்லை. மோஸ் முறையில் விளிம்பு முழுவதும் கண்ணில் படும். நல்ல இமை மில்லிமீட்டர் கணக்கில் மிஞ்சும். கண்ணருகே ஒவ்வொரு மில்லிமீட்டரும் சொத்து.

வகையைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. அடிச்செல் புற்று பெரும்பாலும் ‘ஹெட்ஜ்ஹாக்’ எனும் மரபணுச் சமிக்ஞை கட்டுமீறுவதால் வருகிறது. இந்த மரபணுவை பழ ஈயின் புழுக்களில் தேடிக் கண்டவர்கள் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும். 1995இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்தச் சமிக்ஞையை அடைக்கும் விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்குழிக்குள் இறங்கிவிட்ட, கண்ணை எடுத்தால்தான் தீரும் என்றிருந்த சில அடிச்செல் புற்றுகளில் இன்று முதலில் மாத்திரை கொடுத்துச் சுருக்கிப் பார்க்கிறார்கள். ஈப்புழுவில் தொடங்கிய ஆராய்ச்சி ஒருவரின் கண்ணைக் காப்பாற்றுகிறது. துணுக்கு ‘அடிச்செல்’ என்று சொன்னால்தான் அந்த வாசல் திறக்கும்.

கடைசியாக, நம் ஊரில் எல்லோரும் சொல்லும் அச்சம்: ‘கத்தி பட்டால் பரவிவிடும்.’ இமைத் தோல் புற்றுகளைப் பொறுத்தவரை துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. தாமதம்தான் பரவ விடுகிறது. ஆனால் இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. பக்கத்திலேயே இரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற ஐயம் இருந்தால் விழிக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள். ஊசித் தடம் வழியே செல்கள் வெளியே சிந்தக்கூடும். கண்குழியின் மேல்புற வெளி மூலையில் கண்ணீர்ச் சுரப்பியில் வரும் ஒருவகைச் சாதுவான கட்டியையும் உறையோடு முழுசாகத்தான் எடுக்க வேண்டும். துணுக்கெடுத்து உறையைக் கிழித்தால் திரும்பத் திரும்ப வரும். இந்த வேறுபாடு தெரிந்தவரிடம் கண்ணைக் காட்டுங்கள். தெரியாதவர் சொல்லும் ‘பரவிவிடும்’ என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ இமையில் ஒரே இடத்தில் இரண்டாம் முறை கட்டி வந்தால், அந்த இடத்தில் முடி உதிர்ந்திருந்தால், ஒரே கண் மாதக்கணக்கில் சிவந்திருந்தால், சுரண்டி எடுப்பதைக் குப்பையில் போட வேண்டாம், பயாப்சிக்கு அனுப்புங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சீவலையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அதே துணுக்கை இன்னொரு நிபுணர் மறுபடி பார்க்க முடியும். அதற்காக இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியதில்லை.